சாணையில் போன பெயர்

பாண்டீஸ்வரி அக்கா!

தெருவில் நின்று இப்படிக் கத்தினால் உள்ளேயிருந்து, "என்னாடி, வெரசாச் சொல்லு, சோலி கெடக்கு" என்று குரல் வரும். கையெல்லாம் மண்ணெண்ணெய் வாடையோடு வந்து நிற்பாள். அவள் போய்ச் சேர்ந்த இந்த முப்பத்தோரு நாளில் எத்தனை தடவை கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அம்மாதான் வந்து வாயைப் பொத்துகிறாள்.

என் வயசுக்காரிகளே, என்னோடு எட்டாவது வரைக்கும் படித்தவர்களே, இப்போது கிட்டங்கியில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்குகிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நமக்கு இன்னும் இருபத்தைந்து முடியவில்லை. பழைய கதை பேசுகிற வயசு இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. காயைக் குவித்துப் போட்டு உட்கார்ந்தால் ஒரு கை பொறுக்குவதற்குள் எழுந்துவிடுகிறேன். "எறும்புப் புத்து மேலயா ஒக்காந்திருக்க?" என்று மேஸ்திரி கேட்கிறார். வீட்டுக்கு வந்தால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். இதை எழுதும்போதே நாலு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன்.

அக்காவைப் பற்றி நீங்கள் ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்தாவது படிக்கும்போது பழைய இரும்புக்கடைக்காரர் மகனோடு பழகினாள், அப்பா கண்டுபிடித்து மலைக்கு அனுப்பிவிட்டார் என்று. துக்கத்துக்கு வந்த இடத்தில்கூட ஒரு பெரியம்மா அதையே பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது பொய். அவள் அந்தக் கடைக்குப் போனது ஓட்டை போடுகிற கருவிகளுக்காக. படித்தால் சிரிப்பு வரும், தெரியும். அன்றைக்கும் அதனால்தான் ஒருத்தரும் நம்பவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயசு, அவளுக்குப் பதினைந்து. போடிக்கு ரயில் நின்றுபோயிருந்த நேரம். பழைய தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருந்த இரும்புக்கடையில் ஏலத்தில் எடுத்த சாமான்கள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. மலையிலிருந்தும் ஜீப்பில் பழைய இரும்பு வந்து இறங்கும். எஸ்டேட்டுகளில் கரண்ட் மிஷின் வந்த பிறகு மூலையில் போட்டு வைத்த சாமான்கள். மழை பெய்தால் கடை வாசலில் தண்ணீர் செம்பருத்திப் பூ கலரில் ஓடும். அதைத் தாண்டி உள்ளே போனால் கிரீஸ், துரு, சாக்கு, ஈர எலி எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. எனக்கு மூக்கு எரியும். அக்கா அதை இழுத்து இழுத்து மூச்சு விடுவாள்.

அவளுக்கு இது எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் அப்பா ஜீப் டிரைவர். காலையில் போடியிலிருந்து ஏலக்காய்க் காட்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போவார், சாயங்காலம் இறக்கி விடுவார். வீட்டில் ஸ்பேனரும் ஜாக்கியும் எப்போதும் கிடக்கும். அதையெல்லாம் அக்கா தொட்டதே இல்லை. கையால் சுற்றி ஓட்டை போடுகிற சாமான் மட்டும்தான் வேண்டும். தொரப்பணம் என்று தச்சர்கள் சொல்வார்களே, அது. எங்கள் கட்டிலுக்கு அடியில் பதினொன்று வைத்திருந்தாள்.

ஒன்று வில்லும் கயிறுமாக இருக்கும். மேலே அமுக்கிப் பிடிக்கத் தேங்காய்ச் சிரட்டை. ஒன்று கொக்கி மாதிரி வளைந்தது, நடுவில் மரக்குமிழ். அந்தக் குமிழ் பல பேர் கை பட்டு புளியங்கொட்டை மாதிரி வழுவழுவென்று இருக்கும். பல் சக்கரம் வைத்து, பக்கத்தில் கைப்பிடி சுற்றுகிறது நாலைந்து. தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துத் துளைக்கிற ஒன்றை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். அதை எப்படி வீட்டுக்குக் கொண்டு வந்தாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

காசு கொடுத்து வாங்கவில்லை. எடைக்கு எடை மாற்றுவாள். ஜீப் ஸ்டாண்டில் கழற்றிப் போட்ட போல்ட், உடைந்த பட்டை, ஆணி, இவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, கருவி எவ்வளவு கனமோ அவ்வளவு இரும்பைக் கொடுத்துவிட்டு எடுத்து வருவாள். கடைக்காரருக்கு அது பெரிய வேடிக்கை.

"ஏத்தா, எல்லாப் பிள்ளையும் வளையல் கேக்கும், தோடு கேக்கும். நீ என்னாத்தா துருப்பிடிச்சதக் கேக்குற?"

"வளையல்ல செஞ்சவன் பேரு இருக்காதுண்ணே."

"இதுல இருக்கா?"

"தேச்சுப் பாத்தாத் தெரியும்."

அதுதான் அவளுக்கு வேண்டியது. ஓட்டை போடுவது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. செய்தவன் யார் என்று தெரிய வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இருப்பாள். துரு உரிய உரிய எழுத்து வரும். "இது சீமைக்காரன். இது ஜெர்மன்காரன், பாரு, குட்டியா ஒரு பறவை." ஒன்றில் சீமைக் கம்பெனி பேர் தப்பும் தவறுமாக இருந்தது. அது பஞ்சாப் பக்கம் எவனோ பார்த்துச் செய்தது என்று இரும்புக்கடைக்காரர் சொன்னார். அக்காவுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். "எழுத்தத் தப்பா அடிச்சிருக்கான், ஆனா பல்லு எம்புட்டு சுத்தமா வெட்டியிருக்கான் பாருடி. இங்கிலீசு தெரியாது, சோலி தெரியும்" என்பாள். எங்கள் வாத்தியார் அவளைப் பற்றிச் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான், இங்கிலீஷ் வராது என்று. மற்ற பாதியை யாரும் சொல்லவில்லை.

ஆவணி மாதத்தில் அந்தப் பன்னிரண்டாவது கருவி வந்தது. மலையில் ஏதோ ஓர் எஸ்டேட்டிலிருந்து லோடோடு வந்து விழுந்தது. முழங்கை நீளம் இருக்கும். மேல் முனையில் வளைந்த ஒரு தகடு. அந்தத் தகட்டை நெஞ்சில் வைத்து உடம்பால் அழுத்திக்கொண்டு கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அதன் வாயில் துளைக்கிற முனை, பழைய பிட்டு ஒன்று துருப்பிடித்துச் சிக்கியிருந்தது. பார்க்க மற்றதைவிட அசிங்கமாக இருந்தது. பல் எல்லாம் கையால் அராவினது மாதிரி ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே.

பத்து நாள் ஊறிய பிறகு தகட்டின் அடி ஓரத்தில் எழுத்து வந்தது. அவள் என்னை அடுப்படியிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். என் கையில் தோசை இருந்தது.

"வாசி."

நான் வாசித்தேன். "போ. டி."

"என்ன பாஷை?"

"தமிழுதேன்."

"தமிழுடி! தமிழு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். தோசை மண்ணெண்ணெய்த் தட்டில் விழுந்துவிட்டது. நான் அழுதேன். அவள் சிரித்துக்கொண்டே தன் தோசையை எடுத்து வந்து கொடுத்தாள்.

மறுநாள் மேல் வரியில் கடைசி எழுத்துகள் தெரிந்தன. "சாரி." ஆசாரி என்று இருக்க வேண்டும். அதற்கு முன்னால் பேர். அந்த இடத்தில் துரு கல் மாதிரி இறுகிக் கிடந்தது. சுரண்டினால் எழுத்தும் போய்விடும் என்று பயந்தாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும், மெதுவாக, குச்சியில் துணி சுற்றி. நான் பக்கத்தில் உட்கார்ந்து "வந்துருச்சா, வந்துருச்சா" என்று நச்சரிப்பேன். "அவசரப்படாத. இம்புட்டு வருசம் இருந்தவரு இன்னும் ரெண்டு வாரம் இருக்க மாட்டாரா" என்பாள். ஆனால் அவளுக்கே தூக்கம் வராது. புரண்டு புரண்டு படுப்பாள்.

நம் ஊரில் ஒருத்தர் இதைச் செய்திருக்கிறார். எதற்காகச் செய்தார் என்று அடுத்த கேள்வி பிறந்தது. அதற்கு அவள் கண்டுபிடித்த பதிலை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. அம்மா அப்போதே காய் பொறுக்கத்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை அக்கா அந்த பிட்டை மட்டும் கழற்றிப் பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போனாள். கிட்டங்கியின் பின்சுவரில் தகரத்தில் ஓட்டை போட்ட பழைய சல்லடைகள் மாட்டியிருக்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரிய காய் மேலே நிற்கும், சின்னக் காய் கீழே விழும், அந்தச் சல்லடைதான். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டையில் பிட்டை விட்டுப் பார்த்தாள். இரண்டில் லொடலொடவென்று ஆடியது. ஒன்றில் நுழையவே இல்லை. நாலாவதில் மோதிரம் விரலில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தது. அடுத்த ஓட்டையிலும். அதற்கடுத்ததிலும்.

"அம்மா, இங்க பாரும்மா! நீ சலிக்கிற காயி அம்புட்டும் அந்த ஆளு போட்ட ஓட்டையிலதேன் விழுகுது!"

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். "கணக்குப்பிள்ளை வர்றதுக்குள்ள அதை இருந்த எடத்துல மாட்டு. என்னையச் சோலிய விட்டு அனுப்பாம விட மாட்ட போலருக்கே."

இந்த நேரத்தில்தான் ஜீப் ஸ்டாண்டில் பேச்சு ஆரம்பித்தது. இன்னொரு டிரைவர், அப்பாவுக்கு நெருக்கமானவர், டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னாராம். "அண்ணே, ஒங்க மூத்த பிள்ளைக்கு இனி மாப்பிள்ளை பாக்க வேணாம். இரும்புக்கடையிலயே பாத்து வச்சிருச்சு." கடைக்காரருக்கு ஒரு மகன் இருந்தான். எப்போது பார்த்தாலும் சாக்கு மேல் உட்கார்ந்து அவித்த கடலை தின்றுகொண்டிருப்பான். அக்கா அவனிடம் பேசி நான் பார்த்ததே இல்லை. தராசில் கல் வைக்கச் சொல்லுவாள், அவ்வளவுதான்.

அப்பா வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் இருந்ததை எல்லாம் முற்றத்தில் இழுத்துப் போட்டார்.

"இது என்ன?"

"தொரப்பணம்ப்பா."

"எதுக்கு?"

"சேக்குறேன்."

"எதுக்குன்னு கேட்டேன்."

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் இன்று வரை தெரியவில்லை. ஒருத்தர் தபால்தலை சேர்த்தால் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. பதினைந்து வயசுப் பெண் இரும்பு சேர்த்தால் கேட்கிறார்கள். அவள் நெஞ்சுத் தொரப்பணத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். போடி என்று இருப்பதைக் காட்டினாள். சல்லடை விஷயத்தைச் சொன்னாள். மதுரையில் ஒரு ரிட்டையர்டு ஒர்க்‌ஷாப் வாத்தியார் இந்த மாதிரிக் கருவிகளைச் சேர்க்கிறார், இரும்புக்கடைக்காரரின் போனில் அவரோடு பேசினேன், தமிழில் முத்திரை அடித்த கருவியை அவர் இதுவரை பார்த்ததே இல்லையாம், ஆயுத பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. துருவுக்குள் இரண்டு கோடு தெரிந்திருக்கும்.

"சரி, அந்த ஆளு வரட்டும். ஒரு பெரிய மனுசன் மதுரையிலருந்து மெனக்கெட்டு வந்து, நீ சொல்றது மெய்யின்னு சொன்னா, நான் ஒத்துக்கிறேன். நீ பாட்டுக்குப் படி, எந்தக் கடைக்கும் போ. இல்லைன்னா பள்ளிக்கூடம் கிடையாது. பூப்பாறைக்கு ஒங்க அத்தை வீட்டுக்குப் போயி காய் எடு. ஸ்டாண்டுல என்னால தலை நிமித்த முடியலை."

அக்கா சிரித்தாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவளுக்குப் பயமே இல்லை. எழுத்துதான் இருக்கிறதே.

இனிமேல்தான் என் கதை.

ஆயுத பூசைக்கு ஜீப் ஸ்டாண்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாழைக்கன்று, மாவிலை, பொரி, பூசணிக்காய். முதல் நாளே ஸ்பேனரிலிருந்து ஜாக்கி வரைக்கும் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை அக்காவுக்கும் எனக்கும். அந்த வருஷம் அக்கா அம்மாவோடு கிட்டங்கியைக் கழுவப் போய்விட்டாள். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு மலையில். நான் தனியாக உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டு ஸ்பேனரை எல்லாம் தேய்த்தேன். தேய்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். நெஞ்சுத் தொரப்பணம் தட்டில் கருப்பாகக் கிடந்தது.

மதுரையிலிருந்து பெரிய மனுசர் வரப்போகிறார். இது மட்டும் இப்படி அழுக்காக இருந்தால் அக்காவுக்குத்தானே கேவலம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். புளி போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. தூக்கிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த வெல்டிங் பட்டறைக்கு ஓடினேன். அங்கே வருஷா வருஷம் அந்த ஒரு நாள் யார் எதைக் கொண்டுபோனாலும் சும்மாவே சாணை பிடித்துக் கொடுப்பார்கள். அரிவாள், மண்வெட்டி, கோடாலி என்று வரிசையாக ஆட்கள்.

"மாமா, இதையும் பூசைக்கு."

"இதென்னாடா இது, யார் வீட்டுப் பீரங்கி? கொண்டா, பளபளன்னு ஆக்கித் தாறேன்" என்று வெல்டிங்காரர் வாங்கினார்.

தகட்டைத்தான் முதலில் வைத்தார். பெரிய பரப்பு அதுதானே. பொறி மத்தாப்பு மாதிரி பறந்தது. நான் கை தட்டினேன்.

வீட்டுக்குக் கொண்டு வந்து, தேங்காய் எண்ணெய் தடவி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் நிறுத்தினேன். வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி இருந்தது.

சாயங்காலம் அக்கா வந்தாள். பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தகட்டின் அடி ஓரத்தில் கட்டை விரலை வைத்து அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

"யாரு சாணை பிடிச்சது?"

"நாந்தேன்க்கா கொண்டு போனேன். நல்லாருக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். எழுந்து பின்பக்கம் போய் முகம் கழுவினாள். வாளித் தண்ணீர் முழுவதும் தீர்கிற வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தாள்.

மதுரைக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. நல்ல கண் இருக்கிறவருக்கு ஏதாவது ஒரு தடம் தெரியும் என்று நம்பியிருப்பாள் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு நாளும் எதிர்வெயிலில் தகட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். மெலிந்த மனுசர், சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. அம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அப்பா அன்றைக்கு ஜீப் எடுக்கவில்லை, வேட்டி மடித்துக் கட்டாமல் மரியாதையாக நின்றார். வந்தவர் கருவியை வாங்கி மடியில் வைத்தார். பல்லை எண்ணினார். தகட்டுக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது.

"எழுத்து இருக்குன்னு சொன்னியேம்மா?"

"இருந்துச்சு சார். இந்த எடத்துல. கீழ போடின்னு, மேல ஆசாரின்னு."

"சாணை பிடிச்சிருக்கே. ஒரு பள்ளம்கூட இல்லை. யார் செஞ்ச வேலை இது?"

அப்பா திரும்பினார். "யாரு?"

நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் இருந்தேன். சாணையில் எழுத்தும் போய்விட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா கோபம் வந்தால் ஜீப்பின் பழைய பெல்ட்டை எடுப்பார். அதற்கு முந்தின மாதம் என் காலில் விழுந்த தடம் அப்போதுதான் ஆறியிருந்தது. அக்கா என் காலைப் பார்த்தாள்.

"நாந்தேன்" என்றாள்.

வந்தவர் கண்ணாடியை மடக்கினார். திட்டவில்லை. ரொம்ப அமைதியாகத்தான் கேட்டார். "நீயே அழிச்சிட்டு என்னை ஏம்மா இவ்வளவு தூரம் வரச் சொன்ன?"

அவர் மனசில் என்ன இருந்ததோ தெரியாது. அப்பா காதில் அது வேறு மாதிரி விழுந்தது. எழுத்தே இல்லை, மாட்டிக்கொள்வோம் என்று இவளே தேய்த்துவிட்டாள் என்று. "சல்லடை இருக்குப்பா, கிட்டங்கியில வந்து பாருங்க" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். "போதும்" என்றார் அப்பா. வந்தவர் காப்பியைக் குடித்து முடிக்கவில்லை. டம்ளரில் ஆறிப்போய் அப்படியே இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வயசுக்காரிகளே, இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். ஒரு வார்த்தை. "நாந்தேன்" என்று அவள் சொன்ன அதே வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டும். பெல்ட் நாலு தடவை விழுந்திருக்கும். ஆறியிருக்கும்.

புதன்கிழமை அவள் அப்பாவின் ஜீப்பில் பூப்பாறைக்குப் போனாள். பையில் இரண்டு தாவணி, பத்தாவது புத்தகம் எல்லாம் வைத்திருந்தாள். கருவிகள் பன்னிரண்டையும் அப்பா அதே இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். ஜீப் கிளம்பும்போது அக்கா எட்டிப் பார்த்து, "ஒழுங்காப் படி என்னா" என்றாள். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். அதையும் அவளுக்காகச் செய்யவில்லை.

அத்தை வீட்டிலிருந்தபடியே காய் எடுத்தாள். பத்தொன்பதில் அங்கேயே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்பு எரிக்கிறவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனுசர். அவள் பழைய இரும்பைத் தேடிப் போனால் கூடவே சாக்கைத் தூக்கிக்கொண்டு போவார். நான் வருஷத்துக்கு இரண்டு தடவை மேலே போவேன். போடிமெட்டு தாண்டினால் குளிர், ஈர இலை வாடை, ஸ்டோரில் காய் காய்கிற வாசம். அவர்கள் குடியிருந்த லயத்தின் ஒற்றைச் சுவரில் ஆணி அடித்து ஐந்தாறு தொரப்பணம் மாட்டியிருப்பாள். மகளைத் தூக்கிக் காட்டி, "இது யாரு செஞ்சது? சொல்லு" என்பாள். குழந்தை "செர்மன்" என்று சொல்லும்.

ஒரே ஒரு தடவை நான் பேச்சை எடுத்தேன். "அக்கா, அன்னைக்கு நான்..."

"விடுடி. ஒருத்தன் ஒன்னே ஒன்னு மட்டுமா செஞ்சிருப்பான்? இன்னொன்னு எங்கயாவது கெடக்கும். கெடச்சிரும். கெடச்சா மொதல்ல அப்பாகிட்டதேன் கொண்டு போயிக் காட்டணும்."

பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அவளுக்கு அதுதான். அப்பாவுக்குக் காட்ட வேண்டும். இரண்டாவது ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்தாள். இந்த மழைக்காலத்தில் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு பழைய ஸ்டோரை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இடிக்கிறதுக்குள் பார்த்துவிட வேண்டும் என்று போயிருக்கிறாள். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். காலில் அட்டை கடித்த புண். இரண்டு நாள் அந்தத் தண்ணீரிலேயே நின்று துழாவியிருக்கிறாள். எட்டாம் நாள் காய்ச்சல். எலிப்பனி என்று மலையில் சொல்வார்கள், எலிக்காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் குடித்துக்கொண்டு மூன்று நாள் காய் எடுக்கப் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது கண் மஞ்சளாகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் போன் செய்தார், நான் பஸ் ஏறினேன், போடிமெட்டு வளைவில் போகும்போது அடுத்த போன் வந்தது.

அந்தப் பழைய ஸ்டோரில் அவள் எடுத்து வைத்தவற்றை எல்லாம் நான் புரட்டிப் பார்த்தேன். எதிலும் தமிழ் எழுத்து இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த காலையில் அப்பா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் ஜீப் ஓட்டுவதில்லை, முழங்கால் மடங்காது. நான் போய் நின்றேன். உட்காரவில்லை.

"அப்பா, அன்னைக்குச் சாணை பிடிச்சது அக்கா இல்லை. நாந்தேன். வெல்டிங் பட்டறைக்கு நாந்தேன் கொண்டு போனேன். எழுத்து இருந்துச்சு. நானும் வாசிச்சேன். போடின்னு இருந்துச்சு."

அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்று இருந்தது.

அப்பா நிமிரவே இல்லை. "தெரியும்" என்றார்.

"அவ போன மறுவாரமே வெல்டிங்காரன் சொன்னான். ஒங்க சின்னது கொண்டாந்த பீரங்கி எப்படி இருக்குன்னு கேட்டான். எழுத்தப் பாத்தியான்னு கேட்டேன். என்னமோ தமிழுல இருந்துச்சு, வேகத்துல போயிருச்சுன்னான்."

"தெரிஞ்சுமாப்பா?"

"கூட்டியாறத்தான் போனேன். மெட்டு வரைக்கும் போனேன். அங்க டீக்கடையில நிப்பாட்டி... ஒங்க அத்தைகிட்ட என்ன சொல்லுறது? ஸ்டாண்டுல என்ன சொல்லுறது? நாந்தேன் தப்புன்னு எப்படிச் சொல்லுறது? வண்டியத் திருப்பிட்டேன். அடுத்த வாரம் போவோம்னு நெனச்சேன். பெறகு அவளும் அங்கேயே பழகிட்டா."

"அவ பழகலைப்பா."

அம்மா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். பாத்திரம் எடுக்கிற சத்தம்கூட வரவில்லை.

அன்றிலிருந்துதான் எனக்கு உட்கார முடியாமல் போனது. என்மேல் கோபமாக இருந்தவரைக்கும் ஓர் இடத்தில் கிடந்து அழ முடிந்தது. இப்போது யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நடக்கிறேன். அப்பா சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தால் சோற்றைப் போடுகிறேன், முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் ஒரு வாய் உருட்டுவதற்குள் எனக்குப் பாவமாகவும் இருக்கிறது. அவர் நம்பிவிட்டார் என்பது அக்காவுக்குத் தெரியவே தெரியாது. நம்பின ஆளுக்கே மறுபடியும் நம்ப வைக்கத்தான் அந்தத் தண்ணீரில் போய் நின்றாள்.

என் வயசுக்காரிகளே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவளுக்காக ஒரு தடவை சாமி கும்பிடுங்கள். மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் அங்கே, சர்ச்சுக்குப் போகிறவர்கள் அங்கே, தொழுகிறவர்கள் தொழுகையில். அவள் ஆத்மா சாந்தியடைய என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வர வேண்டாம். அவள் பெயரைச் சொல்லுங்கள். பாண்டீஸ்வரி என்று முழுசாகச் சொல்லி, அவள் சொன்னது நிஜம், அந்த இரும்பில் எழுத்து இருந்தது என்று சொல்லிக் கும்பிடுங்கள். நிறையப் பேர் சொன்னால் அவளுக்குக் கேட்கும் என்று ஒரு நம்பிக்கை.